எச்சரிக்கை: எந்தச் சூழல் மாறியைப் படிக்கிறது என்று எழுதித் தராத பேக்கப் கருவியை ஏற்காதீர்கள்

டேட்டாபேஸ் பேக்கப்புக்கு வெளி நிறுவனத்திடம் பணம் கொடுத்து கமாண்ட் லைன் கருவி எழுதி வாங்கியவர்களும், வாங்கப்போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு வந்து சேர்ந்த கருவி தினமும் இரவு ஓடியது, தினமும் "வெற்றி" என்று லாகில் பதிந்தது, தினமும் வேறொரு சர்வரைத்தான் பேக்கப் எடுத்தது. காரணம் ஒரே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (சூழல் மாறி), அதாவது ஒரு ப்ரோக்ராம் தொடங்கும்போது அதற்கு வெளியிலிருந்து கிடைக்கும், பெயரிட்ட ஓர் அமைப்பு மதிப்பு. அந்தச் சூழல் மாறியைப் பற்றி அவர்கள் கொடுத்த கையேட்டில் ஒரு வரி இல்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, இது எப்படி நடந்தது என்பது தெரிந்தால்தான் உங்கள் இடத்தில் இருக்கும் கருவியை நீங்கள் சோதித்துப் பார்க்க முடியும்.

எங்கள் பிரதான சர்வரில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 14-ஆம் பதிப்பு. பேக்கப்புக்குத் தனி மெஷின். அந்த மெஷினிலேயே புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பழைய போஸ்ட்கிரெஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த டேட்டாபேஸின் பெயரும் பிரதான டேட்டாபேஸின் பெயரும் ஒன்றே, ஏனென்றால் எப்போதோ எடுத்த நகல் அது. இது அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரியும். நிறுவுவதற்கு முன் அவர்கள் எடுத்த மெஷின் பட்டியலில் அவர்களே குறித்திருக்கிறார்கள்.

அவர்கள் எழுதித் தந்தது, போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டம்ப் (பேக்கப் எடுப்பது), பிஜி_ரீஸ்டோர் (அதைத் திரும்ப ஏற்றுவது) இரண்டையும் உள்ளே கூப்பிடும் ஒரு கருவி. கூடவே ஒரு கான்ஃபிக் ஃபைல், பார்க்க அழகான ஒரு கையேடு. கையேட்டில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் விளக்கம், எடுத்துக்காட்டு, பொருளடக்கம் எல்லாம் உண்டு. ஒப்படைக்கும் நாளில் அவர்களின் இன்ஜினியர் வந்து, பேக்கப் கணக்கில் லாகின் செய்து, கருவியை எங்கள் கண் முன்னால் ஓட்டினார். வந்த ஃபைலைத் தனி டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து காட்டினார். டேபிள் வாரியாக வரிசைகளை எண்ணிப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டோம், முழுத் தொகையும் கொடுத்தோம்.

பிறகு ஒருநாள், அப்ளிகேஷனில் வந்த தவறான அப்டேட் ஒன்று முக்கியமான டேபிளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. பிரதான சர்வரின் உடனடி நகலாக ஓடும் ரெப்ளிகா உதவவில்லை. பிரதான சர்வரில் நடந்த அழிப்பு அடுத்த கணமே அங்கேயும் போய்விடும், அதன் வேலையே அதுதான். சரி, நேற்றிரவு எடுத்த பேக்கப் இருக்கிறதே என்று அதை எடுத்து ரீஸ்டோர் செய்தோம். எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் அண்மைப் பதிவு ஒன்றுகூட அதில் இல்லை. அதற்கு முந்தைய நாள் ஃபைல், அதற்கும் முந்தையது என்று போய்ப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி பழைய தரவு.

பிஜி_ரீஸ்டோருக்கு மைனஸ் எல் (சிறிய எழுத்து) கொடுத்து அந்த ஃபைலின் பட்டியலைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பட்டியலின் தலைப்பில், எந்தப் பதிப்பு டேட்டாபேஸிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரியும், எந்தப் பதிப்பு பிஜி_டம்ப் எடுத்தது என்று ஒரு வரியும் இருக்கும். இரண்டாவது வரியில் 14. முதல் வரியில் 11. டேட்டாபேஸ் பெயர் சரியாகத்தான் இருந்தது, நாங்கள் எதிர்பார்த்த அதே பெயர். எந்த ஹோஸ்டிலிருந்து, அதாவது எந்த மெஷினிலிருந்து, வந்தது என்பதை அந்தத் தலைப்பு சொல்லாது. பதிப்பு எண் மட்டும் வேறாக இல்லாமல் போயிருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் தேடியிருப்போமோ.

நடந்தது இதுதான். போஸ்ட்கிரெஸின் கிளையன்ட் கருவிகள் எல்லாம் லிப்பிக்யூ என்ற நூலகம் வழியாகத்தான் சர்வரோடு பேசுகின்றன. ஹோஸ்ட் எது என்று கட்டளையிலேயே சொல்லாவிட்டால், லிப்பிக்யூ பிஜிஹோஸ்ட் என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால், யுனிக்ஸ் வகை மெஷின்களில் அதே மெஷினின் சாக்கெட்டில், அதாவது அந்த மெஷினுக்குள்ளேயே ஓடும் சர்வரோடு பேசும் வழியில், போய் இணைந்துவிடும். அங்கே ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்து உள்ளே விட்டால் பிழை காட்டாது, எச்சரிக்கையும் தராது. அவர்களுடைய கருவி பிஜி_டம்ப்பைக் கூப்பிடும்போது டேட்டாபேஸ் பெயரையும் யூசர் பெயரையும் கொடுத்தது, ஹோஸ்ட்டைச் சொல்லும் மைனஸ் ஹெச் கொடுக்கவே இல்லை. ஒப்படைக்க வந்த இன்ஜினியர் அந்தக் கணக்கின் ஷெல் ப்ரொஃபைலில் பிஜிஹோஸ்ட்டைப் பிரதான சர்வருக்கு வைத்துவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. லாகின் செய்து கையால் ஓட்டினால் ப்ரொஃபைல் படிக்கப்படும், சரியான சர்வருக்குப் போகும். இரவில் ஓட்டுவது கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் ப்ரோக்ராம். கிரான் ஷெல் ப்ரொஃபைலைப் படிக்காது, மிகச் சில மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். பிஜிஹோஸ்ட் அங்கே இல்லை, ஆகவே பக்கத்திலேயே இருந்த பயிற்சி சர்வருக்குப் போய்விட்டது. அந்த சர்வர் லாகின் கணக்கின் பெயரையே நம்பி உள்ளே விடும்படி அமைந்திருந்ததால் பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை. எங்காவது ஓர் இடத்தில் தடுத்திருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும்.

இதோடு நின்றிருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். கான்ஃபிக் ஃபைலில் "ஹோஸ்ட்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் பிரதான சர்வரின் பெயரைப் போட்டது அவர்கள்தான். கருவியின் சோர்ஸ் கோடை வாங்கிப் பார்த்தபோது, அந்த மதிப்பு இணைப்புக்குப் போகவே இல்லை. லாகில் "இந்த சர்வரின் பேக்கப் முடிந்தது" என்று அச்சிட மட்டும் அதை எடுத்துக்கொள்கிறது. அதாவது தினமும் காலையில் எங்களுக்கு வந்த மெயிலில் இருந்த சர்வர் பெயர், கருவி உண்மையில் இணைந்த இடத்தின் பெயர் அல்ல. கான்ஃபிக் ஃபைலில் நாம் எதை எழுதியிருக்கிறோமோ அதையே நமக்குத் திருப்பிச் சொன்னது. பேக்கப் லாகை நம்பித்தான் எல்லா இடத்திலும் வேலை நடக்கிறது. அந்த லாகில் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதும் கருவியை விற்பது ஏமாற்று வேலை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அழிந்ததில் ஒரு பகுதியை அப்ளிகேஷன் லாகிலிருந்தும், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ரிப்போர்ட் ஃபைல்களிலிருந்தும் கையால் சேர்த்து மீட்டோம். மீதி போனது போனதுதான்.

அவர்களைக் கேட்டபோது வந்த பதில்: "பிஜிஹோஸ்ட் எங்கள் கருவியின் அம்சம் இல்லை. அது போஸ்ட்கிரெஸின் இயல்பு. போஸ்ட்கிரெஸ் கையேட்டிலேயே இருக்கிறது." இருக்கிறது, மறுக்கவில்லை. லிப்பிக்யூ பகுதியில் சூழல் மாறிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். பிஜி_டம்ப் பக்கத்திலும், மற்றப் பெரும்பாலான போஸ்ட்கிரெஸ் கருவிகளைப் போல இதுவும் லிப்பிக்யூவின் சூழல் மாறிகளைப் பயன்படுத்தும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்போது, காசு வாங்கிக்கொண்டு அதற்கு மேல் ஓர் உறை போட்டவர்கள் எப்படிக் கை கழுவ முடியும்? உங்கள் கருவி உள்ளே எதைக் கூப்பிடுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே எந்த மாறிகள் உள்ளே வரை ஊடுருவும் என்பதையும் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

அடுத்து, ஆவணத்தில் அதைச் சேர்க்கக் கூடுதல் கட்டணம் கேட்டார்கள். "சேஞ்ச் ரிக்வெஸ்ட்" என்று பெயர். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு கட்டணமில்லாமல் ஒரு பக்கம் அனுப்பினார்கள். அதுவும் ஏமாற்றமே. லிப்பிக்யூவின் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். பிஜிஹோஸ்ட்டுக்கு எதிரே "ஹோஸ்ட்டை அமைக்கும்", பிஜிபோர்ட்டுக்கு எதிரே "போர்ட்டை அமைக்கும்". பிஜிபோர்ட் இல்லையென்றால் 5432 என்பதுகூட இல்லை. அவர்களே கோடில் சேர்த்திருந்த மாறிகளோ, எத்தனை நாள் பழைய பேக்கப்பை வைத்திருப்பது என்று முடிவு செய்கிற ஒன்று உட்பட, அந்தப் பக்கத்தில் வரவே இல்லை. அந்த மாறி இல்லாவிட்டால் என்ன நாள் கணக்கு எடுத்துக்கொள்ளும் என்பதை நாங்கள் கோடைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். பழைய ஃபைலை அழிக்கும் அதிகாரமுள்ள ஒரு மாறியை மறைத்து வைப்பது சின்ன விஷயமா?

ஒரு மாறியைப் பற்றி எழுதுவதென்றால் பெயரைச் சொன்னால் போதாது. அது இல்லாதபோது கருவி என்ன செய்யும் என்பதுதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் கிரானிலும், அதேபோல வேலைகளைத் தொடங்கும் சிஸ்டம்-டியிலும் ஓடும்போது பெரும்பாலும் அது இல்லாமல்தான் இருக்கும். இரண்டாவது, ஒரே மதிப்பு கட்டளையிலும் கான்ஃபிக் ஃபைலிலும் சூழல் மாறியிலும் வேறு வேறாக இருந்தால் எது வெல்லும் என்பது. போஸ்ட்கிரெஸில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது: இணைப்புச் சரத்தில் நேரடியாகக் கொடுத்தது எல்லாவற்றையும் மீறும், அதற்கு அடுத்து சர்வீஸ் ஃபைல் (இணைப்பு விவரங்களை எழுதி வைக்கும் ஃபைல்), அதற்கும் கீழேதான் சூழல் மாறி. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் கையேட்டிலும் வரிசை இருக்கிறது: சூழல் மாறிகளை முதலில் படித்து, பிறகு ஆப்ஷன் ஃபைல்களை, கடைசியில் கட்டளையில் கொடுத்ததைப் படிக்கும், பின்னால் வருவதே நிற்கும். ஆரக்கிள் டேட்டாபேஸில், யுனிக்ஸ் மெஷின்களில் டூ_டாஸ்க் என்ற மாறி இருந்தால், எங்கே இணைவது என்று சொல்லாமல் ஓட்டிய எஸ்க்யூஎல் பிளஸ் என்ற அதன் கட்டளைக் கருவி அந்த மாறி காட்டும் டேட்டாபேஸுக்குப் போய்விடும். இவை ஒவ்வொன்றும் அந்தந்தக் கையேட்டில் உள்ளவை. எங்களுக்கு வந்த பக்கத்தில் இந்த வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ப்ரொஃபைலைத் திறந்தபோது பிஜிஹோஸ்ட்டுக்குக் கீழேயே பிஜிபாஸ்வேர்டும் இருந்தது, பிரதான சர்வரின் பாஸ்வேர்ட் பச்சையாக. சில இயங்குதளங்களில் மற்ற யூசர்களும் ப்ராசஸின் சூழல் மாறிகளைப் பார்க்க முடியும் என்பதால் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று போஸ்ட்கிரெஸ் கையேடே சொல்கிறது. அதற்குப் பதில் பாஸ்வேர்டை எழுதி வைக்க டாட் பிஜிபாஸ் ஃபைல் இருக்கிறது. அனுமதி 0600-ஐவிட (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்) தளர்வாக இருந்தால் யுனிக்ஸ் மெஷின்களில் அந்த ஃபைலை லிப்பிக்யூ படிக்கவே படிக்காது, அந்த அளவுக்குக் கண்டிப்பு. மைஎஸ்க்யூஎல்லிலும் மைஎஸ்க்யூஎல்_பிடபிள்யூடி என்ற மாறி மிகவும் பாதுகாப்பற்றது என்று எழுதப்பட்டு, 8.0 முதல் கைவிடப்படும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. இப்படிச் செய்கிறவர்கள் உங்கள் மெஷினில் என்னென்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கின் ப்ரொஃபைல் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதேபோன்ற கருவி உங்களிடம் இருந்தால் இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என்வ் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்து, அதன் மூலம் கருவியை ஓட்டுங்கள். சூழல் மாறிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் சூழலில் அது தொடங்கும். கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பாத் மாறி இல்லாமல் சில கட்டளைகள் கிடைக்கவில்லை என்று வந்தால் பாத்தை மட்டும் சேர்த்துக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம். ஒழுங்கான கருவி சரியான சர்வருக்குப் போகும், இல்லையென்றால் ஹோஸ்ட் தரப்படவில்லை என்று நின்றுவிடும். வேறெங்காவது இணைந்து "வெற்றி" என்று சொன்னால் உங்களுக்கும் எங்கள் கதைதான். சோர்ஸ் கோட் கையில் இருந்தால், சூழல் மாறியைப் படிக்கும் கெட்என்வ் என்ற சொல்லைத் தேடுங்கள், ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் டாலர் குறியோடு பெரிய எழுத்தில் வரும் பெயர்களை. கிடைத்த ஒவ்வொரு பெயரும் கையேட்டில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மேன் பக்கங்களில் (யுனிக்ஸ் கட்டளைகளின் கையேட்டுப் பக்கங்கள்) சூழல் மாறிகளுக்குத் தனித் தலைப்பு வைப்பது பல காலமாக உள்ள வழக்கம். அந்தத் தலைப்பே இல்லாத கையேடு வந்தால் அதை முதலில் கேளுங்கள்.

லாகில் வரும் சர்வர் பெயரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கான்ஃபிக் ஃபைலிலிருந்து என்றால் ஏற்காதீர்கள். கருவி எந்த விவரங்களோடு பிஜி_டம்ப்பைக் கூப்பிடுகிறதோ அதே விவரங்களோடு பிஎஸ்க்யூஎல் என்ற போஸ்ட்கிரெஸ் கட்டளைக் கருவியை ஓட்டி, சர்வரிடமே கேட்டு எழுத வைக்க முடியும். ஐநெட்_சர்வர்_ஆடர் என்ற ஃபங்ஷன், இணைந்திருக்கும் சர்வரின் முகவரியைத் தரும். யுனிக்ஸ் சாக்கெட் வழியாக இணைந்திருந்தால் நல், அதாவது வெற்று மதிப்பு, வரும். எங்கள் லாகில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே முகவரி இடம் வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும்.

ஒப்படைப்புச் சோதனையைக் கையால் ஓட்டிக் காட்ட விடாதீர்கள். இரவில் எது ஓட்டுமோ, கிரானோ சிஸ்டம்-டி டைமரோ, அதுவே ஓட்டி எடுத்த ஃபைலை மறுநாள் ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கட்டணத்தில் ஒரு பங்கை அதுவரை நிறுத்தி வைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டிய தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. இதே கருவியை வேறு சிலருக்கும் நிறுவியிருப்பதாக அவர்களே ஒப்படைப்பு நாளில் பெருமையாகச் சொன்னார்கள். உங்கள் பேக்கப் மெஷினில் வேறொரு போஸ்ட்கிரெஸும் ஓடிக்கொண்டிருந்தால், நேற்று எடுத்த ஃபைலுக்கு பிஜி_ரீஸ்டோர் மைனஸ் எல் கொடுத்து, தலைப்பில் உள்ள டேட்டாபேஸ் பதிப்பு எண்ணை உங்கள் பிரதான சர்வரின் எண்ணோடு இப்போதே ஒப்பிடுங்கள். இரண்டு சர்வரும் ஒரே பதிப்பு என்றால் அந்த எண் உதவாது. ரீஸ்டோர் செய்து கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள்.