டர்பனில் பெற்ற மரபியல் ஆலோசனை: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள தனியார் கருத்தரிப்பு நிலையம் ஒன்றில், சோதனைக்குழாய் முறைச் சிகிச்சைக்கு முன்பு நானும் என் மனைவியும் மரபியல் ஆலோசனை பெற்றோம். குடும்பத்தில் புற்றுநோய் வந்திருக்க, குழந்தைக்காகவும் காத்திருப்பவர்களுக்கு இது மிகவும் வேண்டிய சேவை என்பது என் கருத்து.

என் அம்மாவுக்கு எழுபது வயதைக் கடந்தபின் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. கட்டியில் எம்எல்எச்1 புரதம் இல்லை என்று ஆய்வக அறிக்கை கூறியதால், இது புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியாக இருக்குமோ, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இறங்குமோ என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீடே கலங்கிப்போயிருந்தது. ஆலோசகர் அவசரப்படாமல் அறிக்கையை வரிவரியாகப் படித்தார். டிஎன்ஏ பிழைகளைத் திருத்த உதவும் அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு, அதன் டிஎன்ஏ எழுத்துகள் மாறியதால் செயலிழக்கலாம். எழுத்து ஒன்றுகூட மாறாமல், அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் எனும் சிறு வேதிக் குறிகள் ஒட்டிக்கொள்வதாலும் (மெத்திலேற்றம்) அடங்கிப்போகலாம் என்று விளக்கினார். இரண்டாவது வகை பெரும்பாலும் முதிய வயதில் கட்டிக்குள் மட்டுமே நிகழ்வது. அது பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. அம்மாவின் கட்டியில் அந்த மெத்திலேற்றமும், அதனுடன் அடிக்கடி காணப்படும் பிராஃப் மரபணு மாற்றமும் இருந்தன. மிக அரிதாக உடல் முழுவதிலும் மெத்திலேற்றம் இருக்கக்கூடும் என்பதால் இரத்தத்தையும் பரிசோதித்து, அங்கு இல்லை என்று உறுதியானபிறகே, இந்த நோய்க்காகக் கருக்களைச் சோதிக்கத் தேவையில்லை என்றார். பெருஞ்செலவு பிடிக்கும் ஒன்றைத் தேவையில்லை என்று சொல்லும் அந்த நேர்மைக்காகவே இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பேன்.

சிகிச்சையே குழந்தையின் மரபணுக் கட்டுப்பாட்டைப் பாதிக்குமா என்று என் மனைவி கேட்டார். சில மரபணுக்களில் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த பிரதி ஒன்றே இயங்கும். மற்றது மெத்தில் குறியால் அடக்கப்பட்டிருக்கும். இரு பெற்றோரின் மரபுத்தொகுதியும் கருவுக்குத் தேவை என்பதை 1984-இல் எலிக் கருக்களில் அசீம் சுரானியின் குழுவும், மெக்ராத், சோல்ட்டர் எனும் ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே காட்டினார்கள். இந்தக் குறிகள் பிறழ்ந்தால், குழந்தையின் உடல் அளவுக்கு மீறி வளரும் பெக்வித்-வீடமன் நோய்க்குறி வரலாம். அக்குழந்தைகளுக்கு வில்ம்ஸ் எனும் சிறுநீரகக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதால், அவர்களுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பது வழக்கம். செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்தவர்களிடம் இந்நோய்க்குறி சற்று அதிகமாகக் காணப்பட்டாலும், அப்போதும் அது மிக அரிதே என்பதை ஆலோசகர் மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் சொன்னார்.

குறையும் உண்டு. அதே நிலையத்தின் வரவேற்பு மேசையில் 'மரபணுக்களைச் சீரமைக்கும்' மாத்திரைகள் விற்கப்படுகின்றன. கருவின் மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத நரம்புக்குழாய்க் குறையைத் தடுக்க, கருத்தரிக்கும் முன்பே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது நிரூபிக்கப்பட்ட பழக்கம். அந்த விலையுயர்ந்த மாத்திரைகளுக்கு அப்படிப்பட்ட ஆதாரம் எதையும் அங்கு யாரும் காட்டவில்லை. உள்ளே ஆலோசகர் தரும் தெளிவை வெளியே இருக்கும் விற்பனை கெடுக்கிறது.

எங்கள் மெடிக்கல் எயிட் (மருத்துவக் காப்பீடு) ஆலோசனைக் கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றது; முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது உறவினரின் கட்டி அறிக்கையை முழுமையாகக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அது இல்லாமல் ஆலோசகரால் அதிகம் சொல்ல முடியாது.