அர்னால்டின் காவியமா, கேம்பிரிட்ஜ் ஜாதகமா?

புத்தரைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்க இவ்விரண்டில் எதை எடுப்பது? 1879இல் எட்வின் அர்னால்டு வெளியிட்ட 'லைட் ஆஃப் ஏஷியா' புத்தர் வாழ்க்கையை எட்டுப் பகுதிகளில், இயைபில்லாத செய்யுளாகச் சொல்கிறது. சொல்பவர் ஒரு கற்பனை பௌத்த பக்தர். கதை தடையின்றி ஓடும். முதன்முதலில் படிப்பவருக்கு இதுவே ஏற்றது. (கவிமணியின் 'ஆசிய ஜோதி' இதன் தழுவல்தான்.) சிக்கல் கடைசி வரியில் இருக்கிறது: பனித்துளி ஒளிரும் கடலில் கலக்கிறது. இது பௌத்தர் சொல்லும் விடுதலை நிலையான நிப்பானத்தைவிட (நிர்வாணம்) வேதாந்தத்துக்கே நெருக்கம். தேரவாதம் என்ற பழைய பௌத்தப் பிரிவின் நோக்கில், கலப்பதற்கு ஆன்மா என்று ஒன்று இல்லையே!

கேம்பிரிட்ஜ் ஜாதகம் வேறு ரகம். ஜாதகம் என்றால் இங்கே புத்தரின் முற்பிறவிக் கதைகள். ஈ. பி. கவல் பதிப்பாசிரியராகத் தொடங்கிய இந்த மொழிபெயர்ப்பு 1895 முதல் 1907 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. மொத்தம் 547 கதைகள். பெரும்பாலும் முதலில் நிகழ்காலக் கதை, அதாவது புத்தர் காலத்து நிகழ்ச்சி ஒன்று வரும். பிறகு முற்பிறவிக் கதை, அதற்குரிய பாடல்கள். முடிவில் அன்று இன்னாராக இருந்தவர் இன்று இன்னார் என்ற பொருத்தம். ஒரே அச்சில் வார்த்த தொடக்கங்கள் அலுப்பூட்டும், உண்மைதான். ஆனால் சிறுவர் தொகுப்புகளைப் போல முற்பிறவிப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்தால் ஈசாப் பாணி விலங்குக்கதைதான் மிஞ்சும். பிறவிகளை இணைக்கும் கர்மத் தொடர்ச்சி அறுந்துபோகும். மேற்கோள் காட்டுவோர் வழுக்குவது இன்னோர் இடத்தில்: பௌத்த மறைநூலான திரிபிடகத்தில் அடங்குவன பெரும்பாலும் பாடல்களே, உரைநடைக் கதை பிற்கால உரையைச் சேர்ந்தது.