காய்கறிப் பங்குத் திட்டம்: பணம் கட்டும் முன் தோட்டத்தின் ஏக்கரைக் கேளுங்க

ஆடிப்பட்டம் நெருங்கினால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அழைப்பு சுற்ற ஆரம்பித்துவிடும்: "எங்க தோட்டத்துல பங்கு எடுங்க, ஆறு மாசத்துக்கு நஞ்சில்லாத காய் வாராவாரம் வீட்டுக்கே வரும்." போன தைப்பட்டத்தில் கோவைக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் இப்படிப் பணம் கட்டிய குடும்பங்கள் பலவும் ஏமாந்து நிற்கின்றன. அதே ஆட்கள் இப்போது மறுபடியும் ஆள் சேர்க்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

திட்டத்தின் மேல் குறை இல்லை. பட்டம் தொடங்கும்போதே உறுப்பினர்கள் பணம் தருவார்கள். விதை, எரு, ஆள் கூலி எல்லாம் அதில் நடக்கும். விளைவதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், வெள்ளாமை போனால் அந்த நட்டத்தையும் சேர்ந்தே தாங்குவார்கள். ஜப்பானில் 1970களில் வேர்விட்ட முறை இது. கடன் வாங்காமல் பயிர் வைக்க விவசாயிக்கு இதைவிட நல்ல வழி குறைவு.

இந்தத் தோட்டத்தில் சொன்னது: 26 வாரம், ₹13,000, வாரம் 7 கிலோ, குறைந்தது எட்டு வகைக் காய், கூடவே இரண்டு கட்டுக் கீரை. முதலில் கூடை ஒழுங்காகத்தான் வந்தது. மாசியில் வகை ஐந்தானது. எடையைச் சரிக்கட்ட வாரம் தவறாமல் பெரிய பூசணிக்காய் ஒன்று உள்ளே இருந்தது. முள்ளங்கியை இலையோடு எடை போட்டார்கள், கீரையைத் தண்ணீரில் முக்கிக் கட்டினார்கள். சித்திரையில் காரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் என்று கூடை திடீரென நிறைந்தது. வைகாசியில் அடியோடு நின்றது. கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "மழை இல்லைங்க, ரிஸ்க்கைப் பகிர்ந்துக்கறதுதான் திட்டமே." அதற்குப் பிறகு குழுவில் அட்மின் மட்டுமே பேச முடியும் என்று மாற்றிவிட்டார்கள்.

மழை இல்லாதது உண்மைதான். ஆனால் கூடை நின்றதற்குக் காரணம் அது இல்லை. தோட்டம் 4 ஏக்கர், குழுவில் 180 குடும்பம். கணக்கைப் போட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

நன்றாக விளைந்த வெண்டைக்காடு ஏக்கருக்கு மொத்தமாக 5 டன் தரும். நட்ட 45ஆம் நாள் வாக்கில் பறிக்க ஆரம்பித்தால், பறிப்பு ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் ஓடும். கணக்குச் சுலபத்துக்காகப் பறிப்புக் காலத்தை நூறு நாள் என்று வைத்தால் நாளுக்கு 50 கிலோ, வாரத்துக்கு 350 கிலோ. வருடம் முழுக்கக் கூடை தர வேண்டிய தோட்டத்தில் எல்லா நிலமும் ஒரே நேரத்தில் காய்க்காது. மூன்றில் ஒரு பங்கு உழவிலும் எருவிலும் இருக்கும், ஒரு பங்கு இளம்பயிராக நிற்கும், மீதி ஒரு பங்குதான் பறிப்பில் இருக்கும். ஆக, 4 ஏக்கரில் காய்ப்பது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம், அதாவது வாரத்துக்கு 460 கிலோ. சொத்தை, முற்றல், பூச்சி கடித்தது என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 370. குடும்பத்துக்கு 7 கிலோ வீதம் ஐம்பது குடும்பத்துக்குத்தான் வரும். 180 குடும்பத்துக்கு வாரம் 1,260 கிலோ வேண்டும். எந்த மழை பெய்தாலும் அந்த மண்ணில் அது விளையாது. பணம் வாங்கிய அன்றைக்கே இது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் முதல் கேள்வி ஏக்கர் எவ்வளவு, அதில் காய்கறிக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை பேர் என்பதுதான். தென்னையும் வாழையும் நிற்கிற நிலத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஏக்கருக்குப் பன்னிரண்டு, பதினைந்து குடும்பத்துக்கு மேல் சொன்னால், மீதிக் காய் எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்க. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கித் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களும் உண்டு, அது தப்பில்லை. சொல்லாமல் செய்வதுதான் மோசடி.

சித்திரையில் வந்த காரட்டும் கோஸும் எங்கே விளைந்தவை? சமவெளியில் கத்திரி வெயிலில் அவை வராது. நீலகிரியில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற சரக்கு அது. காரட்டைக் கையில் எடுத்துப் பாருங்க. தோல் வழவழவென்று, காம்புப் பள்ளத்தில்கூட ஒரு துளி மண் இல்லாமல் இருந்தால், மலையிலேயே மெஷினில் கழுவிய காரட். தக்காளி எல்லாம் ஒரே அளவில் இருந்தால் யாரோ தரம் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சொந்தத் தோட்டத்துக் கூடையில் பெரிசும் சிறிசும் கலந்துதான் வரும். கத்தரிக்காயின் காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் இன்றைக்குப் பறித்தது. காம்பு பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் மண்டியில் இரண்டு நாள் கிடந்தது. கோடையில் இங்கே நியாயமாக வருவது வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, முருங்கை, கீரை. அந்த நேரத்தில் நாலு வகைதான் தர முடியும் என்று முன்கூட்டியே சொல்கிறவரை நம்பலாம்.

புதிதாக உழுத நிலத்தைக் காட்டி "அடுத்த வாரமே கூடை" என்றாலும் விலகிக்கொள்ளுங்க. சிறுகீரைக்கே 25 நாள் வேண்டும். கத்தரிக்கு நாற்றங்கால் ஒரு மாதம், நட்ட பிறகு ஒன்றரை மாதத்துக்கு மேல்.

இயற்கை விவசாயச் சான்றிதழ் விஷயத்திலும் ஏமாற்று நடந்தது. ஃப்ளெக்ஸில் பெரிதாகப் போட்டிருந்த சான்று உண்மையானதுதான், ஆனால் அதில் பயிர் என்ற இடத்தில் இருந்தது தென்னை. காய்கறி ஒன்றுகூட இல்லை, காலமும் முடிந்துவிட்டது. சான்றைக் கையில் வாங்கி நான்கு இடம் பாருங்க: யார் பேர், சர்வே எண், பயிர்ப் பட்டியல், கடைசித் தேதி. பிஜிஎஸ் சான்று (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துத் தருவது) என்றால் "கிரீன்" என்பது இயற்கைக்கு மாறிக்கொண்டிருக்கிற நிலம், "ஆர்கானிக்" என்பதுதான் முழுதாக மாறிய நிலம். தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் தலைமை அலுவலகம் கோவையிலேயே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கேயே விசாரிக்கலாம். மண் பரிசோதனை அறிக்கையைச் சான்றிதழ் என்று காட்டுவதும் நடக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நேராக வீடுகளுக்கு விற்கிற சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயம் கிடையாது. ஆகவே சான்று இல்லாதவரைச் சந்தேகப்படாதீங்க, பொய்யாகக் காட்டுகிறவரைச் சந்தேகப்படுங்க.

தோட்டத்துக்கு ஒருமுறை சொல்லாமல் போங்க. இயற்கை விவசாயத்தில் பயிருக்கு விடுகிற கரைசல் ஜீவாமிர்தம். அதை ஏக்கருக்கு ஒரு தடவை கொடுக்க 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு வேண்டும். 4 ஏக்கருக்கு நாலு டிரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அப்படி ஓடுகிற டிரம்மின் விளிம்பில் கசடு ஈரமாக ஒட்டியிருக்கும், கிட்டப் போனாலே புளித்த வாடை வரும். இந்தத் தோட்டத்து வாசலில் வைத்திருந்த டிரம்மின் உள்ளே காய்ந்த சிலந்தி வலை இருந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் பூச்சிமருந்துக் காலி டப்பாக்கள் கிடந்தன. கிணற்றையும் போர்வெல்லையும் காட்டச் சொல்லி, சித்திரை வைகாசியில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும் என்று கேளுங்க. அந்தக் கேள்விக்கு மழுப்புகிறவரிடம் ஆறு மாதப் பணம் தர வேண்டாம்.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீங்க. நாற்று நடும்போது ஒரு பங்கு, முதல் கூடை வந்ததும் ஒரு பங்கு, பாதிக் காலத்தில் மீதி என்றால் நல்ல விவசாயி சம்மதிப்பார், அவருடைய செலவும் அப்படித்தான் வரும். யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு ஜிபே போடாமல், தோட்டத்தின் பேரில் ரசீது வாங்குங்க. எந்த நட்டம் பங்கு, எது பங்கில்லை என்பதை எழுதி வாங்குங்க. ஐப்பசி மழையில் கீரை அழுகியதும், தக்காளியில் வாடல் நோய் விழுந்ததும் பங்கு. அளவுக்கு மீறி ஆள் சேர்த்ததால் வராத காய் பங்கில்லை.

இன்னொன்று. கூடை நிற்கிற சமயத்தில், "ஒரு லட்சம் போடுங்க, காயும் வரும், மாசாமாசம் வட்டியும் வரும்" என்று சிலரிடம் தனியாகப் பேசியிருக்கிறார்கள். அது பங்குத் திட்டமே இல்லை, டெபாசிட். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012இல் பட்டபாடு இந்தச் சீமைக்கே தெரியும். அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இதில் சிக்கியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தர வேண்டும்.

கூடைக்காக மட்டும் பணம் கட்டியவர்கள், வராத வாரம் ஒவ்வொன்றுக்கும் ₹500 என்று கணக்குப் போட்டு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் எழுதிக் கேளுங்க. குழுவிலிருந்து நீக்கிவிடும் முன் பழைய செய்திகள், பணம் அனுப்பிய விவரம், கூடையைத் தராசில் வைத்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்க. பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தனித்தனியாகப் போவதைவிட, பத்துக் குடும்பம் ஒரே மாதிரிக் கணக்குத்தாளோடு போனால் 4 ஏக்கர், 180 பேர் என்ற விஷயத்தை ஆணையத்தில் காட்டுவது சுலபம்.