வீட்டு சர்வருக்கு எது: ராஸ்பெர்ரி பையா, பழைய லேப்டாப்பா?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் மூன்று வருடமாக ஒரு சர்வர் ஓடுகிறது. முதல் பாதி ராஸ்பெர்ரி பை 4 (கையடக்கமான, ஒரே போர்டில் அடங்கும் கம்ப்யூட்டர்; இனி சுருக்கமாக 'பை'). இப்போது, ஆபீஸ் வேலைக்கு ஆகாது என்று ஓரங்கட்டிய ஒரு பழைய லேப்டாப். அதில் ஓடும் இம்மிச் என்ற மென்பொருள் குடும்பத்தார் போன்களில் இருந்து போட்டோக்களை இழுத்து வைக்கும், ஜெல்லிஃபின் என்ற இன்னொன்று டிவிக்கு வீடியோ கொடுக்கும். கூகுளின் 15 ஜிபி இலவச இடம் தீர்ந்து, 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று அம்மாவின் போன் தினமும் நச்சரித்ததில் ஆரம்பித்த வேலை இது. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். சென்னையில் இருந்தால் லேப்டாப்பையே எடுங்கள் என்பேன்.

பையின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: சின்னது, சத்தமில்லை, கரண்ட் குறைவு. பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தபோது சும்மா இருக்கையில் பை 4 வாட், லேப்டாப் மூடி வைத்த நிலையில் 12 வாட். இரண்டு மாத ஈபி கணக்கில் பைக்கு 6 யூனிட், லேப்டாப்புக்கு 17. நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும். அந்த எல்லையை ஒட்டி ஓடும் வீடு என்றால் இந்த 11 யூனிட்டையும் யோசிக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு இது பொருட்டில்லை.

பொருட்டாக எடுக்க வேண்டியது கரண்ட் போகும் விதத்தை.

ஒரு மே மாத மதியம். கரண்ட் போனது, வந்தது, பத்து விநாடியில் மறுபடி போனது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் பல வீடுகளைப் போல ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் லைன் இழுத்திருக்கிறோம், டிவி பாயிண்டுக்கு இல்லை. சாயங்காலம் அம்மா, "டேய், நேத்து கோயில்ல எடுத்த போட்டோ ஒண்ணும் காணோம்டா" என்றார். குனிந்து பார்த்தேன். பையில் சிவப்பு விளக்கு நிலையாக எரிகிறது. பையின் சிஸ்டம் இருக்கும் எஸ்டி கார்டைப் படிக்கும்போது துடிக்க வேண்டிய பச்சை விளக்கில் அசைவே இல்லை. எஸ்டி கார்டு செத்துவிட்டது.

போர்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது இன்றும் ஓடுகிறது. எஸ்டி கார்டுக்குள் ஒரு சின்ன கண்ட்ரோலர் தன் பாட்டுக்கு டேட்டாவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் அறுந்தால், அப்போது எழுதிய ஃபைல் மட்டுமல்ல, போன மாதம் எழுதியதும் சிதையலாம். எக்ஸ்ட்4 ஜர்னல் (எழுதப் போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தின் பதிவேடு) காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். ஜர்னலுக்கும் கீழே நடக்கும் சேதத்தை அது எப்படிப் பார்க்கும்? யூஎஸ்பி எஸ்எஸ்டியில் பூட் செய்தால் நிலைமை தேறும். ஆனால் பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். எஸ்எஸ்டியோடு ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்கும் மாட்டினால் மூச்சு திணறுகிறது. தனி அடாப்டர் உள்ள ஹப், அதற்கு ஒரு யூபிஎஸ் என்று வாங்கிக்கொண்டே போனால் பையின் மலிவு எங்கே போயிற்று?

லேப்டாப்புக்குள் யூபிஎஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் போனால் அதற்கு ஒரு நொடிகூடத் தெரியாது; யூஎஸ்பியில் தொங்கும் டிஸ்கும் அதே பேட்டரியில் ஓடும். என்னுடையது நாற்பது நிமிடம் தாங்குகிறது. சார்ஜர் இணைப்பை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முறையாக ஷட்டவுன் செய்ய எட்டு வரி ஸ்கிரிப்ட் போதும். மூடியை மூடினால் தூங்கிவிடாமல் இருக்க லினக்ஸின் லாகின்டி.கான்ஃப் (logind.conf) என்ற செட்டிங்ஸ் ஃபைலில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் (HandleLidSwitch) வரியை 'இக்னோர்' என்று மாற்றுங்கள். ரவுட்டருக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக வாங்கினேன்.

லேப்டாப்பில் என்னை உறுத்துவது அந்த பேட்டரியேதான். நாள் முழுக்க 100 சதவீதத்தில், நம் வெயிலில் கிடந்தால் அது உப்பும். சார்ஜை 60 சதவீதத்தில் நிறுத்தும்படி டிஎல்பி (TLP) என்ற லினக்ஸ் பவர் மென்பொருளில் அமைத்திருக்கிறேன். இந்த வசதி எல்லா மாடலிலும் கிடையாது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை டச்பேடை விரலால் அழுத்திப் பார்ப்பேன். கொஞ்சம் மேடு தட்டினாலும் அன்றே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் மாற்று பேட்டரி கிடைக்கும், ஆனால் தரம் கடைக்குக் கடை மாறும். ஒன்றரை வருடத்தில் எனக்கு உப்பவில்லை. ஐந்து வருடம் தாங்குமா என்று கேட்டால் என்னிடம் அந்த அனுபவம் இல்லை.

மினி பிசியை நண்பர் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். வேகத்தில் இரண்டையும் மிஞ்சுகிறது, ஆனால் அதற்கும் யூபிஎஸ் வேண்டும். நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி) நான் வைத்துப் பார்த்ததில்லை.

எதை வாங்கினாலும் போட்டோக்களின் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். எங்களுடையது திருச்சியில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது டிஸ்கை மாற்றிக்கொள்வோம்.

பழைய பையைத் தூக்கிப் போடவில்லை. பையின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்தால் கார்டில் எதுவும் எழுதப்படாது. அப்படி அமைத்து, விளம்பரம் தடுக்கும் பை-ஹோலை மட்டும் அதில் ஓட விட்டிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்துகொள்கிறது.