கையில் கம்பி பிடிக்கவைத்து அலர்ஜி டெஸ்ட்: 38,500 ரூபா போச்சு, பிள்ளையும் வார்ட்டில் கிடந்தாள்

இன்று காலையில் அந்த டெஸ்ட் நிலையத்துக்குக் கடைசியாக ஒரு தடவை போய்க் காசைத் திருப்பிக் கேட்டுவிட்டு வந்தேன். உள்ளேயே விடவில்லை. முன் மேசையில் இருக்கும் வேலைக்காரப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே கையை ஆட்டி மெடம் இல்லை என்று காட்டினாள். வயிறு எரிகிறது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபா.

இடத்தின் பெயரைப் போடவில்லை. நம்ம மலையகத்து டவுன் ஒன்றில், மெயின் ரோட்டில் மாடியில் இருக்கிற ஒரு தனியார் அலர்ஜி, ஆஸ்துமா பரிசோதனை நிலையம். பேஸ்புக்கில் தமிழிலேயே விளம்பரம் வரும். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை, 20 நிமிடத்தில் முழு ரிப்போர்ட், ஆயுசுக்கும் பம்ப் (இன்ஹேலர்) தேவையில்லை என்று.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்று வயதிலிருந்து வீசிங். மழை தொடங்கினால் ராத்திரி இருமல், விடியும்வரை இழுப்பு. கிளினிக்கில் தந்த பிரவுன் பம்ப் காலையும் மாலையும், நீலப் பம்ப் இழுக்கும்போது. அதில் ஓரளவு நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "இந்த வயசுல பம்பா, பழகிப்போயிடுமே" என்று சொல்லிச் சொல்லி எனக்கும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

அங்கே வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண். சிங்களத்தில் பேச வேண்டியிருக்குமோ என்று தயங்கிக்கொண்டு போனேன். நான் வாயைத் திறக்குமுன்னே "வாங்கக்கா, நானும் தோட்டத்துப் புள்ளதான், எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்" என்றாள். மகளின் தலையைத் தடவி, "தங்கச்சிக்கு இனிமே ஐஸ்கிறீமும் சாப்பிடலாம்" என்றாள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அவள் டொக்டரா, என்ன படித்தவள், எதையும் கேட்கத் தோன்றவில்லை. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் நம்ம ஆள் என்று நினைத்துவிட்டேன்.

டெஸ்ட் என்றது இதுதான்: கம்ப்யூட்டரில் வயர் மாட்டிய பித்தளைக் கம்பி ஒன்று, அதைப் பிள்ளை கையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கவில்லை, எதிலும் ஊதச் சொல்லவில்லை. அப்புறம் பிரின்டரில் 12 பக்கம் வந்தது. பால், முட்டை, பருப்பு, கோதுமை, தேங்காய் என்று 42 சாமானுக்கு சிவப்புக் கோடு. தினமும் முட்டை சாப்பிட்டு ஒரு தடிப்புக்கூட வராத பிள்ளைக்கு முட்டை ஆகாதாம். அந்த ரிப்போர்ட்டில் பெயர் சரி, வயது சரி, எடை 52 கிலோ என்று இருக்கிறது. என் பிள்ளை 21 கிலோ! அன்றைக்கு அதைக் கவனிக்காமல் பத்திரமாக மடித்து பேக்கில் வைத்தேனே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

டெஸ்டுக்கு 18,500. மூன்று மாதச் சொட்டு மருந்துக்கு 20,000. மொத்தம் 38,500. அம்மாவின் சீட்டுக் காசு பாதி, மீதிக்கு என் தோட்டை அடகு வைத்தேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்குப் போட்ட 1,350 ரூபா நாட்கூலியில் கணக்குப் பார்த்தால், அம்மா அட்டைக்கடியில் 28 நாளுக்கு மேல் மலையில் நின்று கொழுந்து எடுக்க வேண்டிய காசு அது.

கிளம்பும்போது, "ரெண்டு பம்பையும் இன்னைக்கே நிப்பாட்டிடுங்கக்கா, அது இருந்தா மருந்து புடிக்காது" என்றாள். நிறுத்தினேன்.

பதினோராவது நாள் ராத்திரி இரண்டு மணி. பிள்ளை படுக்கவே மாட்டேன் என்று முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குழி உள்ளே உள்ளே போகிறது, ஒரு வார்த்தை சொல்ல ஒரு மூச்சு எடுக்கிறாள், உதடு ஊதா. த்ரீவீல் பிடித்து, பனிக்குள் வளைவு வளைவாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒட்சிசன், நெபுலைசர், பிரெட்னிசலோன். மூன்று நாள் வார்ட். அங்கே ஒரு சதமும் வாங்கவில்லை.

வார்ட்டிலிருந்தே அந்த நிலையத்துக்கு போன் எடுத்தேன். "பயப்படாதீங்கக்கா, உள்ள இருக்குற நஞ்சு வெளிய வருது, சொட்டு மருந்த மட்டும் நிறுத்திறாதீங்க." பிள்ளை முகத்தில் மாஸ்க்கோடு கிடக்கிறாள், அந்த வெள்ளைக் கோட்டுக்காரி என்னிடம் இதைச் சொல்கிறாள். அடுத்த போனில் மெடம் கொழும்புக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்து, மெஷின் ஓடியாச்சு, காசு எப்படித் தருவது, பில்லின் அடியில் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன், எறும்பு மாதிரி எழுத்தில் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று சிங்களத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அந்த 52 கிலோவைச் சுற்றி வட்டம் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் பார்த்தால் என்னை புளொக் செய்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி டொக்டர் என்னைத் திட்டவில்லை. அவர் முதலில் கேட்டதே அடுப்பு எங்கே இருக்கிறது என்றுதான். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) விறகுப் புகை, பிள்ளை படுக்கிற பக்கத்துச் சுவரில் ஈரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம், பழைய பஞ்சு மெத்தை, எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். 38,500 வாங்கினவர்கள் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மையான அலர்ஜி டெஸ்ட் என்றால், முன்கையில் அலர்ஜி தரக்கூடிய சாமான்களின் சாற்றைத் துளித் துளியாக விட்டு மெதுவாகக் குத்தி 15 நிமிடம் போல் பார்ப்பார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க விடுகிற வெறும் உப்புத்தண்ணித் துளியைவிடத் தடிப்பு 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருந்தால்தான் கணக்கு. அதற்குச் சில நாள் முன்னாலேயே பிரிடோன் (Piriton) மாதிரி அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்களாம். நாங்கள் அங்கே போனதற்கு முதல்நாள் ராத்திரிகூட மகள் பிரிடோன் குடித்திருந்தாள், யார் கேட்டார்கள்? ஆஸ்துமாவுக்கு ஊதிப் பார்க்கிற டெஸ்ட், பம்ப் அடித்து கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதி எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. கம்பி பிடிப்பது எதிலும் இல்லை. பிரவுன் பம்ப் பழகிப்போகிற சாமானும் இல்லை, அது நெஞ்சுக்குள் இருக்கிற வீக்கத்தை அடக்கி வைக்கிறது, அடித்ததும் வாய் கொப்பளித்தால் போதும் என்றார்.

என்னென்ன பார்த்துப் போக வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பஸ் வரப்போகிறது. டொக்டரைக் கேட்காமல் பம்பை நிறுத்தாதீர்கள், யார் சொன்னாலும். வெள்ளைக் கோட்டைப் பார்த்து நம்பாதீர்கள், மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். காசு கட்டுமுன் பில்லின் அடியைப் படியுங்கள், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்கு நாளைக்கு போன் எடுக்கப்போகிறேன். இதே மாதிரி கம்பி பிடித்துக் காசு கொடுத்தவர்கள், பில் கையில் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து முறைப்பாடு போடலாம். என்னிடம் 38,500 ரூபாவுக்கும் பில் இருக்கிறது.