மூணு வயசுப் பிள்ளைக்கு எது சரி: பால்வாடியா, நர்சரியா, அப்பத்தா மடியா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவர இந்த மூன்று இடம்தான். பால்வாடி என்றால் அரசு அங்கன்வாடி. ஏ, பி, சி எங்கே நன்றாக வரும் என்று நான் பார்க்கவில்லை. எழுத்து பிறகும் வரும். அழுகையை ஆற்றிக்கொள்வது, கோபம் வந்தால் கடிக்காமல் வாயால் சொல்வது, தன் முறை வரும்வரை பொறுப்பது, இவை பழகும் வயது இது.

அப்பத்தாவிடம் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பந்தைப் பிடுங்கவும் திருப்பிக் கொடுக்கவும் சம வயதுப் பிள்ளை வேண்டும். மத்தியானம் அப்பத்தா அசந்தால் கையில் செல்போன்தான்.

மூத்தவளை நர்சரியில் சேர்த்தோம். வாசலுக்கே வேன், நிறைய பொம்மைகள், பதிவேடு எழுதும் வேலையில்லாத மிஸ். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அழுதவளை, "நிறுத்திட்டு உள்ள வா" என்று வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் வாரம் அழுகை நின்றது. எங்களுக்கும் நிம்மதி. பிறகுதான் கவனித்தேன்: வீட்டில் விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் சொல்லாமல் மூலையில் போய் நின்றாள். எல்லா நர்சரியும் இப்படியில்லை. ஆனால் மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டு பல இடங்களில் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கையே இந்த வயதுக்கு விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது.

பொங்கலுக்குப் பிறகு பால்வாடிக்கு மாற்றினோம். இங்கே விசைப்படகு போனால் மறுநாள்தான் கரை. இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துப்போன பேச்சு பிள்ளைகள் காதிலும் விழுகிறது. ஒரு நாள் அழைத்துவரப் போனபோது நாலு பிள்ளைகள் பாயை மடக்கிப் படகாக்கி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் கரையில் நின்று, "அப்பா இன்னும் வரல" என்றாள். டீச்சர் பக்கத்தில் குந்தி, "பயமா இருக்கா பாப்பா? எனக்கும் இருக்கும். வா, சேர்ந்து பார்ப்போம்" என்றார். படகு வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆறேழு தடவை. கூட விளையாடியவர்களின் அப்பாக்களும் கடலில்தான். அவள் பயத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய பிள்ளை சின்னதைக் கைகழுவக் கூட்டிப்போகிறது. முட்டை போடும் நாளில் வரிசையில் கடைசிப் பிள்ளைக்கும் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

குறையும் பெரிது. ஒரு டீச்சர், ஒரு ஆயா. எடை பார்ப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, ஊட்டச்சத்துக் கணக்கைப் பதியும் போஷன் டிராக்கர் செயலி எல்லாம் அதே டீச்சர் தலையில். அவர் மீட்டிங் போனால் அன்று பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான். 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் இன்னும் இரண்டாவது டீச்சர் இல்லாதது எனக்கு ஆறாத மனக்குறை.

ஆனாலும் என் கை பால்வாடிப் பக்கம்தான். இன்னொரு காரணம், சேர்க்கும் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருப்பார். நர்சரி திறப்பதும் படகு இறங்குவதும் ஜூனில் ஒன்றாக வரும். பிள்ளைக்கு ஒரே சமயத்தில் இரண்டு பிரிவு. சின்னவனை அதனால் ஏப்ரலிலேயே பால்வாடியில் சேர்த்தோம். அவன் அப்பா தோளில் தூக்கிப்போய், முதல் நாள் ஒரு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்தார். அடுத்த நாள் முக்கால் மணி. இரண்டாம் வாரம், "நீ போப்பா, சாப்பாட்டுக்கு வா" என்று அவனே அனுப்பிவிட்டான்.