ஸ்கின்ஸ்: பிரிட்டனில் ஏழு சீசன், அமெரிக்காவில் பத்து எபிசோடு

டீன்ஏஜ் பிள்ளைகளைப் பற்றிய டிவி நாடகங்களை யார், எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற பேச்சு வந்தாலே அமெரிக்க முறைக்கு ஒரு கூட்டம், பிரிட்டிஷ் முறைக்கு ஒரு கூட்டம் என்று பிரிந்து நின்றுவிடுகிறார்கள். சட்டப் பிரிவுகளை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டால் பாதியிலேயே தூக்கம் வரும். நல்லவேளையாக ஒரே நாடகம் இரண்டு நாட்டிலும் ஓடியிருக்கிறது. அதை வைத்தே பார்த்துவிடலாம்.

நாடகத்தின் பெயர் ஸ்கின்ஸ். பிரிஸ்டல் நகரத்துப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் கதை. கஞ்சா, மாத்திரை, குடி, படுக்கை, சாப்பிடாமலே தன்னைக் கரைத்துக்கொள்ளும் ஒரு பெண், பிள்ளைகளைவிடக் குழம்பிப்போன பெற்றோர்கள், எல்லாம் உண்டு. முதல் எபிசோடே இப்படித்தான் ஆரம்பிக்கும்: ராத்திரி முழுக்க வெளியே சுற்றிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் தங்கை அப்பாவிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக டோனி தன் அறையில் பாட்டை அலறவிடுவான். அப்பா கத்திக்கொண்டே அவன் அறைக்கு ஓடிவர, அந்த இடைவெளியில் தங்கை உள்ளே நழுவிவிடுவாள். 2007 ஜனவரியில் ஈ4 சேனலில் இது வந்தது. ஈ4, அரசுக்குச் சொந்தமான சேனல் 4-இன் இளைஞர் சேனல். 2005-இலிருந்து சந்தா எதுவும் கட்டாமலே பார்க்கலாம். கெட்ட வார்த்தைகளை அமுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் போட்டார்கள், அவ்வளவுதான். பத்திரிகைகள் திட்டின. ஒரு வீட்டில் பெற்றோர் இல்லாத நேரத்தில் நடந்த பார்ட்டி கைமீறிப் போய் வீடே நாசமானபோது அதற்கு ஸ்கின்ஸ் பார்ட்டி என்று பெயர் வைத்து, நாடகத்தின் தலையில் பழியைப் போட்டார்கள். ஆனாலும் 2013 வரை ஏழு சீசன் ஓடி முடிந்தது.

அமெரிக்காவில் எம்டிவி இதை எடுத்து 2011 ஜனவரி 17 அன்று ராத்திரி 10 மணிக்கு ஒளிபரப்பியது. முதல் எபிசோடு பிரிட்டிஷ் எபிசோடின் கிட்டத்தட்ட அச்சு அசல் நகல்; டோனி, பாட்டு, தங்கை எல்லாம் அப்படியே. கெட்ட வார்த்தைகளுக்கு மட்டும் பீப் போட்டார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்ற டிவி-எம்ஏ முத்திரை வேறு. அதுவும் காசு கட்டிப் பார்க்கும் கேபிள் சேனலில். அதாவது பிரிட்டனைவிட எல்லா வகையிலும் சுத்தமாக்கி, கூடுதல் கதவுகளும் போட்டுத்தான் வந்தது. பேரன்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சில் என்ற அமைப்பு, நடிகர்களில் சிலர் 18 வயது நிரம்பாதவர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, நீதித்துறையும் நாடாளுமன்றமும் விசாரிக்க வேண்டும் என்று கிளம்பியது. டாகோ பெல், ஜெனரல் மோட்டார்ஸ், சூயிங்கம் விற்கும் ரிக்லி என்று விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 33 லட்சம் பேர் பார்த்த முதல் எபிசோடுக்கு அப்புறம் கூட்டமும் சரிந்தது. ஜூனில் எம்டிவி கடையைக் கட்டிவிட்டது. மொத்தம் பத்து எபிசோடு.

இதில் அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஆணையமான எஃப்சிசி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. அமெரிக்க முறையின் முதல் கோணல் இங்கேதான். காற்றலையில் வரும் ஏபிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் போன்ற சேனல்களின் அநாகரிகத்தைத்தான் எஃப்சிசி தண்டிக்கலாம், அதுவும் காலை 6 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் இடையில் வந்தால்தான். ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞரின் பேச்சை ஒரு வானொலி பகலில் ஒலிபரப்பிய வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அடிப்படை. கேபிளுக்கு அது கிடையாது, இணையத்துக்கும் கிடையாது. பிள்ளை பார்ப்பது ஒரே டிவிப் பெட்டியில், கையில் இருப்பது ஒரே ரிமோட். ஆண்டெனா வழியாக வந்தால் குற்றம், கம்பி வழியாக வந்தால் கருத்துச் சுதந்திரம்.

இதைவிட வேடிக்கை நேர மண்டலக் கதை. சிபிஎஸ்ஸில் வித்தவுட் எ ட்ரேஸ் என்று ஒரு புலனாய்வுத் தொடர். அதில் பள்ளி மாணவர்களின் பார்ட்டியில் நடக்கும் ஒரு பாலியல் காட்சி. 2004 டிசம்பர் 31 அன்று மறு ஒளிபரப்பானது. கிழக்குக் கரையில் அப்போது மணி 10, ஆகவே சட்டத்தில் குறையில்லை. நாட்டின் நடுப்பகுதியிலும் மலைப்பகுதியிலும் எல்லா நிகழ்ச்சியும் ஒரு மணி நேரம் முன்னால் வரும் வழக்கம், ஆகவே அங்கே மணி 9. அந்தப் பகுதிகளின் 111 நிலையங்களுக்கு மொத்தம் 36 லட்சம் டாலர் அபராதம் என்று 2006-இல் நோட்டீஸ் போனது. நியூயார்க்கில் இருக்கும் பதினைந்து வயதுப் பையனைக் கெடுக்காத காட்சி சிகாகோ பையனைக் கெடுத்துவிட்டதாம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சரி, காட்சியின் தன்மையைப் பார்த்தாவது ஒரே மாதிரி முடிவெடுத்தார்களா? 2004 நவம்பரில் சேவிங் பிரைவேட் ரயன் படத்தை ஏபிசி வெட்டாமல் போட்டபோது அபராதத்துக்குப் பயந்து 60-க்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்கள் அதைப் போடவே மறுத்தன. பின்னால் எஃப்சிசி, போர்க்களத்தின் உண்மையைக் காட்ட அந்தக் கெட்ட வார்த்தைகள் தேவை, தவறில்லை என்று சொல்லிவிட்டது. நல்ல முடிவு. ஆனால் ப்ளூஸ் இசைக் கலைஞர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில் அதே ரகப் பேச்சு வந்ததற்கு, அதை ஒளிபரப்பிய கலிஃபோர்னியாவின் ஒரு சின்னப் பொது நிலையத்துக்கு 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள். சிப்பாய் திட்டினால் யதார்த்தம், பாட்டுக்காரர் திட்டினால் அநாகரிகம். ரத்தமும் சிதறிய உடலும் எப்படியும் கணக்கிலேயே வராது, ஏனென்றால் அவர்கள் சட்டத்தில் அநாகரிகம் என்றால் பாலுறவும் கழிவும்தான். வன்முறைக்கு அபராதம் கிடையாது. ராத்திரி 8 மணிக்குப் பள்ளிக்கூடப் பெண்ணின் பிணத்தை மேசையில் கிடத்தி அறுத்துக் காட்டலாம், அவள் உயிரோடு இருந்தபோது யாரோடு படுத்தாள் என்று காட்டினால் வக்கீல் வைக்க வேண்டும்.

அப்புறம் புகார்க் கணக்கு. ஃபாக்ஸ் சேனலின் ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு 2004-இல் கிட்டத்தட்ட 12 லட்சம் டாலர் அபராதம் போட்டபோது 159 புகார்கள் வந்ததாகச் சொன்னார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தால் இருந்தவை 90 கடிதங்கள், எழுதியவர்கள் 23 பேர், அதிலும் பெரும்பாலானவை ஒரே வாசகத்தின் நகல். இது டீன்ஏஜ் நாடகம் இல்லைதான். ஆனால் யார் சத்தம் போட்டால் யாருக்கு அடி விழும் என்பது இதில் பச்சையாகத் தெரிகிறது. மறுபக்கம், காசிப் கேர்ள் முழுக்க முழுக்கக் காற்றலை சேனலில் வந்த டீன்ஏஜ் நாடகம். அதே பெற்றோர் கவுன்சில் அதைத் திட்டிய வாசகத்தை எடுத்து, கொட்டை எழுத்தில் போஸ்டராக அடித்து ஒட்டியது அந்த சேனல். நாடகம் ஆறு சீசன் ஓடியது.

இனி பிரிட்டன். அங்கே ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆணையம் ஆஃப்காம். அதன் முறையில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ராத்திரி 9 மணிக்கு ஒரு கோடு. அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஆகாதது வரக்கூடாது, 9 அடித்ததும் திடுதிப்பென்று எல்லை மீறவும் கூடாது, மெல்ல மெல்லத்தான் போக வேண்டும். ஒரு காட்சியின் மேல் புகார் வந்தால் எந்த சேனல், எந்த நேரம், பார்க்கிறவர்கள் யார், முன்கூட்டி எச்சரித்தார்களா, கதைக்கு அது தேவையா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வன்முறையும் இதற்குள் அடக்கம், போதையும் அடக்கம். காற்றலை, கேபிள், சாட்டிலைட் என்ற பேதம் கிடையாது. தனிக் காசு கட்டிப் பார்க்கும் சினிமா சேனல் போன்ற சில விலக்குகள் போக, உரிமம் வாங்கிய சேனல்களுக்கெல்லாம் ஒரே கோடு. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஆஃப்காம் வெளியிடும் விரிவான தீர்ப்புகள்தான். முடிவு தப்பாகவே இருந்தாலும் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று படித்துச் சண்டை போடலாம்.

ஒரு தீர்ப்பை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். 2010 டிசம்பரில் எக்ஸ் ஃபேக்டர் என்ற பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ரிஹானாவும் கிறிஸ்டினா அகிலேராவும் 9 மணிக்கு முன்னால் ஆடிய ஆட்டம் பற்றி 2,868 புகார்கள் வந்தன. ஆஃப்காம் விசாரித்தது. அதில் சுமார் 2,000 புகார்கள், ஒரு நாளிதழ் அந்த ஆட்டத்தைக் கண்டித்து எழுதிய பிறகுதான் வந்திருக்கின்றன. அந்த நாளிதழ் கண்டனத்தோடு படங்களையும் போட்டிருந்தது, டிவியில் வந்ததைவிடப் படுமோசமான கோணத்தில் எடுத்த படங்கள். ஆஃப்காம் இதைத் தன் முடிவில் வெளிப்படையாகவே எழுதி, விதிமீறல் இல்லை என்று முடித்தது. ஆனால் அந்த நாளிதழை யார் கேட்டார்கள்? டிவிக்குச் சட்டப்படி ஓர் ஆணையம், பத்திரிகைக்கு முதலாளிகள் தாங்களே வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு. ஒழுக்கம் கெட்டுப்போச்சு என்று முதல் பக்கத்தில் அழுதுகொண்டே உள்பக்கத்தில் படம் காட்டலாம். பிரிட்டனின் இரட்டை அளவுகோல் டிவிக்குள்ளே குறைவு, டிவிக்கு வெளியேதான் அதிகம்.

இன்னொரு ஓட்டை, கடிகாரம். 9 மணிக் கோடு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த காலத்துக்குச் செய்தது. இப்போது பதின்மூன்று வயதுப் பிள்ளை சாயங்காலம் நாலரைக்குப் போனில் எந்த சீசனையும் போட்டுக்கொள்ளலாம், கோடு கிழித்தவர்கள் எங்கேயோ நிற்பார்கள். பிரிட்டனில் நெட்ஃபிளிக்ஸைப் பல வருடம் மேற்பார்த்தது ஆஃப்காம்கூட இல்லை, நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் அங்கே இருக்கிறது என்பதால் நெதர்லாந்தின் ஆணையம். பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்களை ஆஃப்காமுக்குள் கொண்டுவரும் சட்டம் 2024-இல்தான் வந்தது.

ஸ்ட்ரீமிங் என்றதும் மூன்றாவது வழி வருகிறது: நீங்களே முத்திரை குத்திக்கொள்ளுங்கள். இது புதுசும் இல்லை. அமெரிக்க சேனல்கள் 1997-இலிருந்தே தங்கள் நிகழ்ச்சிக்குத் தாங்களே வயது முத்திரை போட்டுக்கொள்கின்றன; பெற்றோர் அதை வைத்துத் தடுக்கட்டும் என்று டிவிப் பெட்டிக்குள் வி-சிப்பும் வைத்தார்கள். 2017 மார்ச் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் 13 ரீசன்ஸ் வை வந்தபோது இந்த வழியின் யோக்கியதை தெரிந்துவிட்டது. ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையைச் சுற்றிய கதை, முதல் சீசனின் கடைசி எபிசோடில் அது விரிவாகவே காட்டப்பட்டது. மனநல மருத்துவர்கள் கூடாது என்று சொன்னார்கள். அமெரிக்காவில் கேட்க ஆளே இல்லை. நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம் மட்டும் ஆர்பி18 என்று இந்தத் தொடரை வைத்தே ஒரு புது வகையை உண்டாக்கியது: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இருந்தால் பார்க்கலாம், தனியாகப் பார்க்கக் கூடாது. தடையும் இல்லை, கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை. வீட்டுக்குள் இதை யாராலும் கண்காணிக்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் இந்தக் கதையைப் பிள்ளை தனியாகப் பார்க்கக் கூடாது, பார்த்த பிறகு பேச யாராவது வேண்டும் என்று காட்சியின் குணத்தைப் பார்த்து எழுதிய விதி நான் படித்தவரையில் இது ஒன்றுதான். நெட்ஃபிளிக்ஸ் முதலில் எச்சரிக்கை வாசகங்களைச் சேர்த்தது. அந்தக் காட்சியை வெட்டியது 2019 ஜூலையில். பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆக மூன்றில் எதை எடுப்பது? எனக்குத் தயக்கமே இல்லை, பிரிட்டிஷ் முறைதான், அதோடு நியூசிலாந்தின் அந்த ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டு. அமெரிக்க முறைக்கு வாதாடுகிறவர்கள், அரசாங்கம் கேபிளிலும் இணையத்திலும் கை வைக்காததால்தான் அங்கே துணிச்சலான நாடகங்கள் வருகின்றன, எச்பிஓவின் யூஃபோரியா வந்ததே என்பார்கள். அதில் பாதி உண்மை. எச்பிஓ சந்தாவில் வாழ்கிற சேனல், விளம்பரம் கிடையாது, ஆகவே யாரும் அதை மிரட்ட முடியாது. விளம்பரத்தை நம்பிய எம்டிவிக்கு அந்தச் சுதந்திரம் ஐந்து மாதம்தான் தாங்கியது. அரசு ஆணையம் வெட்டினால் காரணம் எழுத வேண்டும், கோர்ட்டுக்குப் போகலாம். எஃப்சிசியின் பல அபராதங்கள் அப்படிப் போய்த்தான் விழுந்தன. 2004 சூப்பர் பவுல் ஆட்ட இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடி தெரிந்த விவகாரத்தில் சிபிஎஸ்ஸுக்குப் போட்ட 5,50,000 டாலர் உட்பட. சூயிங்கம் கம்பெனி விளம்பரத்தை நிறுத்தினால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

பிரிட்டிஷ் முறையும் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கிறது என்று சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சில் வந்த அடலசன்ஸ், கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்ற பதின்மூன்று வயதுப் பையனின் கதை. பிரதமரே பாராட்டி, மேல்நிலைப் பள்ளிகளில் இலவசமாகக் காட்ட ஏற்பாடு நடந்தது. தரமான நாடகம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஸ்கின்ஸைப் பள்ளியில் காட்டலாம் என்று எந்தப் பிரதமரும் சொல்லியிருக்க மாட்டார், இத்தனைக்கும் அதன் பல எபிசோடுகள் தனிமை, சாவு, பெற்றோர் கைவிடுவது பற்றி எவ்வளவோ நேர்மையாகப் பேசியவை. அடலசன்ஸில் பிள்ளைகள் யாரும் சந்தோஷமாக இல்லை. ஸ்கின்ஸில் தப்பு செய்கிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள், எபிசோடு முடிவில் மன்னிப்பும் கேட்பதில்லை. பெரியவர்களுக்குப் பொறுக்காதது அதுதான் என்று நினைக்கிறேன், அதற்கு எந்த ஆணையத்தின் விதிப் புத்தகத்திலும் ஒரு பிரிவு கிடையாது.